மறுபடியும் முதல் தடவை

எங்கள் துணிக்கடையின் இரண்டாவது மாடியில், உடை போட்டுப் பார்க்கும் அறைகளின் வாசலில் நிற்பதுதான் அக்காவுக்கு வேலை. உள்ளே போன துணியெல்லாம் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றிப் போட்டதை எல்லாம் திருப்பி மாட்ட வேண்டும். நாள் முழுக்க ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நின்றதால் கண்ணாடி அக்கா என்று பெயர். நான் அதே மாடியில் பில் போடுகிறவள். மதியம் ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம்.

அக்காவுக்கு வாய்த்துடுக்கு உண்டு. கை நிறைய உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போகிற பெண்கள், ஒவ்வொன்றாகப் போட்டு போனில் படம் பிடித்துவிட்டு, "எதுவும் செட் ஆகலக்கா" என்று வெறுங்கையோடு இறங்கிப் போவார்கள். அக்கா குவியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். "இவங்க துணி போட வரலடி. போட்டோ போட வர்றாங்க."

புருஷன் விபத்தில் போனபோது மகளுக்கு நான்கு வயது. அன்றிலிருந்து அக்கா தன் பெண்ணைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரே ஒரு ஆசையைத்தான் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடல் பார்க்க வேண்டும். ஒரு வருடம் கடையில் எல்லோரையும் வண்டி வைத்துக் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். மகளுக்குப் பரீட்சை என்று அக்கா வரவில்லை. நாங்கள் மணலோடு திரும்பி வந்தபோது, "எப்படிடி இருந்துச்சு? சத்தம் ரொம்பவா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் படித்து, ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, சீக்கிரமே அதை விட்டாள். உடை, பயணம், வாழும் விதம் என்று போனில் வீடியோ போடுவதுதான் இனி தன் வேலை என்றாள். முதலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் விளையாட்டாக அம்மாவுக்கு ஜீன்ஸும் வெள்ளைச் சட்டையும் மாட்டிவிட்டு, கறுப்புக் கண்ணாடி வைத்து, ஹாலில் நடக்கவிட்டுப் படம் எடுத்தாள். அக்கா வெட்கத்தில் பாதியிலேயே முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அந்த ஓட்டத்தைத்தான் ஊரே பார்த்தது. லட்சக்கணக்கில்.

அதற்குப் பிறகு 'அம்மாவுக்கு முதல் தடவை' என்று தொடராகவே வந்தது. அம்மா முதல் தடவை உதட்டுச்சாயம் பூசினாள். முதல் தடவை பிட்சா சாப்பிட்டாள்.

"நான் பிட்சா போன வருஷமே சாப்பிட்டிருக்கேனேடி. நீதானே வாங்கிக் குடுத்த?"

"அது யாருக்கும்மா தெரியும்?"

எங்களிடம் இதைச் சொல்லி அக்கா சிரித்தாள். அப்போது அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை மறைக்கக் கூடாது. பகட்டுக்கு ஆசைப்பட்டாள் என்று கடையில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருமுறை தட்டில் கையை வைத்தபடியே சொன்னாள்: "மையெழுதும்போது என் தாடையப் பிடிச்சுத் தூக்குறாடி. அவ என் மூஞ்சியத் தொட்டு எத்தன வருஷமாச்சு தெரியுமா?"

சில மாதங்களில் மகள் வேலையை விடச் சொன்னாள். கண்ணாடி அக்கா கடையை விட்டுப் போனாள். போகிற அன்று எல்லோரும் அவளோடு படம் எடுத்துக்கொண்டோம். நானும்தான்.

கடற்கரை விடுதி ஒன்று அவர்களைக் கூப்பிட்டது. அறை இலவசம், வீடியோவில் விடுதி தெரிந்தால் போதும். ஓர் உடைக் கம்பெனி பூப்போட்ட நீள கவுனும் வைக்கோல் தொப்பியும் அனுப்பியது. முதல் தடவை கடல் பார்க்கும் அம்மா. இது மட்டும் பொய்யில்லை.

வண்டியிலேயே அக்காவின் கண்ணை மகள் துணியால் கட்டிவிட்டாள். கையைப் பிடித்து மணலில் நடத்திப்போனாள். சத்தம் நெருங்க நெருங்க மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதாக அக்கா பிறகு சொன்னாள். துணியை அவிழ்த்தபோது எதிரே கடல். அவள் ஒன்றும் செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, ஏதாவது ரியாக்ட் பண்ணும்மா!"

"என்னத்தடி பண்ண?"

"அழுவேன்னு நெனச்சேன். சரி விடு, மறுபடியும் எடுக்கலாம். திரும்பி நில்லு."

மறுபடி கண்ணைக் கட்டினாள். இந்தத் தடவை யாரோ குறுக்கே போய்விட்டார்கள். மறுபடி. வெளிச்சம் சரியில்லை. மறுபடி. அக்கா தண்ணீரில் கால் வைக்கப் போனாள். கவுன் நனையக்கூடாது, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மகள் பின்னால் இழுத்தாள். அக்கா கழுத்துக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். விலைச்சீட்டு கிழிக்காமல் உள்ளே மடித்து வைத்திருந்தது. கடைசியாகக் கட்டை அவிழ்த்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அந்த வீடியோவை நாங்கள் கடையில் சேர்ந்து பார்த்தோம். நானும் அழுதேன். தங்கள் அம்மாவையும் கூட்டிப்போகப் போவதாக ஆயிரமாயிரம் பேர் கீழே எழுதியிருந்தார்கள்.

"கடலப் பாத்து அழலடி," என்று பிறகொருநாள் என்னிடம் சொன்னாள். "பாக்கவே விடலையேன்னு அழுதேன்."

அதற்கு மேலே ஏற ஒன்றுமில்லை. அழுகைக்குப் பிறகு வந்த எதையும் அத்தனை பேர் பார்க்கவில்லை. இன்னொரு பெண் தன் தாத்தாவை ஆடவிட்டு வீடியோ போட்டாள். கூட்டம் அந்தப் பக்கம் போயிற்று. அதற்குள் மோஸ்தரும் மாறியிருந்தது. வெளிர் நிறச் சுவர், வெளிர் நிற உடை, மேசைமேல் ஒற்றைப் பூ, குறைவாக வைத்து நிறைவாக வாழ்வது. மகளும் மாறினாள். வீட்டுச் சாமான்களை ஒழித்துக் காலியாக்கினாள். அந்த வெறிச்சோடிய படச்சட்டத்துக்குள் அம்மா எங்கே நின்றாலும் கண்ணை உறுத்தியது. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா," என்று அன்பாகத்தான் சொன்னாள். அக்காவுக்குப் புரியாமல் இல்லை. 'செட் ஆகலக்கா' என்று விட்டுப்போன துணிகளோடு காலம் தள்ளியவள் அவள்.

இரண்டு மூன்று மாதம் சும்மா இருந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நாம ரெண்டு பேரும் ஒருதடவ கடலுக்குப் போயிட்டு வரலாமா? போனெல்லாம் வேணாம். சும்மா உக்காந்துட்டு வரலாம்."

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்கதான் போயாச்சேம்மா."

அடுத்த வாரம் அக்கா கடைக்கு வந்து முதலாளி முன்னால் நின்றாள். அவருக்கு வாயெல்லாம் பல். வாசலில் நின்று வருகிறவர்களோடு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சம்பளமும் கூட்டித் தருவதாகச் சொன்னார். அக்கா முடியாது என்றாள். பழைய இடத்தில் வேறொருத்தி நின்றாள். கடைசியில், ஆட்கள் வராத கீழ்த்தளத்தில் சட்டை மடிக்கிற மேசை கிடைத்தது.

மகள் வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். அன்னையர் தினத்தன்று அந்தப் பழைய அழுகையை எடுத்து, 'என் உலகம்' என்று எழுதி மறுபடி போட்டாள். யாரோ ஓடிவந்து அக்காவிடம் போனை நீட்டினார்கள். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "பாத்திருக்கேன்," என்றாள்.

அன்று மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மகளே கூப்பிட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு வந்த அழைப்பு. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"எப்படிம்மா இருக்க?"

அக்கா கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான், கேட்டாள்:

"ரெக்கார்ட் ஆகுதாடி?"

 "உன்கிட்ட பேசவே முடியாதும்மா," என்ற குரல் எனக்கே கேட்டது. இணைப்பு அறுந்தது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். மீதிச் சாப்பாட்டை மூடிக்கொண்டு, கை கழுவ எழுந்து போனாள்.