அப்பா எனக்குக் கொடுத்த கேபிள்

நேற்று எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தபோது எழுந்த சூடான தூசி வாசனையில், இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் ஒக்கலிபுரம் வீட்டின் முன்னறைக்குப் போய்விட்டேன். அப்பா அங்கே ஒரு புல்லட்டின் போர்டு நடத்தினார். மோடம் வைத்திருந்தவர்கள் போன் வழியாக அதற்குள் வந்து ஒருவருக்கொருவர் செய்தி எழுதிவைப்பார்கள். ஒரே கம்ப்யூட்டருக்குள் பலர் சேர்ந்து நுழைவதற்காக, எட்டுக்கால் பூச்சி மாதிரி கேபிள்கள் தொங்கும் கார்டு ஒன்றைப் பொருத்தியிருந்தார். மோடம்கள் கீச்சிட்டு, இரைந்து, அடங்கும் சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

அந்தக் கேபிள்களில் ஒன்றில் பழைய திரையும் கீபோர்டும் மாட்டி எனக்கென்றே கொடுத்தார்.

"பாஸ்வேர்டு போட்டுக்கோ. நீ எழுதறத யாரும் பார்க்க முடியாது," என்றார்.

பொம்மனஹள்ளியில் இருந்த ரேவதி என்ற, நான் நேரில் பார்த்தேயிராத பெண்ணுக்குத் தினமும் எழுதினேன். அப்பா அம்மாவிடம் பேசாமலிருக்கும் நாட்களில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது என்று ஒருமுறை எழுதினேன்.

மறுநாள் சாப்பிடும்போது அப்பா சிரித்தபடி அம்மாவிடம், "நான் உன்கூடப் பேசலேன்னா உன் பொண்ணுக்கு வயித்தப் பிசையுதாம்," என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"எல்லாம் என் மெஷின்லதானேம்மா இருக்கு," என்றார் சாதாரணமாக.

அதன் பிறகும் எழுதினேன். எங்கள் வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம், அப்பா ரொம்ப நல்லவர் என்று எழுதினேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. ரேவதிதான், "இது நீதானா?" என்று கேட்டிருந்தாள்.

பதில் எழுதினால் அதையும் அப்பா படிப்பார்.