பின்சீற்றில் இருந்தவர்

வேலணையில் ரயர் மாற்றும் அந்த மனிதரின் பெயரை நான் கேட்கவில்லை. மெலிந்த உடம்பு, கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடி, பல்லிடுக்கில் எப்போதும் ஒரு தீக்குச்சி.

தம்பி தன் பழைய காரின் பின்சில்லுகளுக்கு அகலமான பந்தய ரயர்கள் வாங்கியிருந்தான். மறுநாள் போட்டி. ரயரின் அகலம், றிம்மின் ஆழம், மட்காட்டுக்கு உள்ள இடைவெளி என்று எல்லாவற்றையும் நானே அளந்து, பன்னிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி மிஞ்சும், அது காணும் என்று சொல்லியிருந்தேன்.

அவர் ரயர்களைப் பூட்டி, மட்காட்டின் உள்விளிம்பில் வெண்கட்டி பூசினார். பிறகு பின்சீற்றில் ஏறி இருந்தார்.

"எடும் தம்பி. மண்டைதீவுப் பாதையில ஒருக்கா வேகமா இழுத்துப் பாப்பம்" என்றார் என் தம்பியிடம்.

"நீங்கள் ஏன் ஏறுறியள், அண்ணை?" என்றேன்.

"வெறுங்கார் நிக்கேக்க எடுத்த அளவுதானே உம்மட அளவு? இழுக்கேக்க பின்பக்கம் பதியும். பின்னால இருந்தால்தான் உரசுற சத்தம் கேக்கும்."

பாரத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

"பயமில்லையோ?" என்றேன்.

"பயம்தான். அதுக்குத்தானே குச்சியைக் கடிக்கிறன்."

தம்பி ஓட்ட, கடலுக்கு நடுவே போகும் அந்தப் பாதையில் கார் சிறுத்து மறைந்தது. திரும்பி வந்ததும் குனிந்து பார்த்தேன். இடப்பக்க வெண்கட்டி ரயர் உரசி அழிந்திருந்தது.

"கழட்டுவம்" என்றார்.

"கொஞ்சம்தானே தொடுது, அண்ணை?" என்றான் தம்பி.

"ஓம். அந்தக் கொஞ்சம் வேகத்தில ரயரை வெட்டும். சத்தத்தைக் கேட்டுச் சொல்ல நாளைக்கு நான் பின்னால இருக்கமாட்டன்."

தம்பி ஜக்கை எடுத்தான்.

பிழையான அளவைச் சொன்ன நான் வீதியோரம் பத்திரமாக நின்றேன். அந்த அளவை நம்பாதவர் காரில் ஏறினார். முன்பின் தெரியாத எங்களுக்காக அவர் ஏன் அப்படித் துணிந்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.