பிளேனைக் கவிழ்த்தவன்

அந்தச் சிறிய விமானத்துக்குத் தவறான டயரைத் தேர்ந்தெடுத்தவன் நான். பிறகு சரியான டயரைத் தேர்ந்தெடுத்ததாகப் பெயர் வாங்கியவனும் நான்தான். முதலாவதற்குப் பழி சுமந்தவர் வேறொருவர். இரண்டாவதற்கு வேண்டிய அறிவும் அவருடையது.

இரண்டாயிரத்துகளின் நடுவில் அமீரகத்தில் ஒரு சிறிய விமானத்தளத்தில் வேலை பார்த்தேன். முதலாளி அந்த ஊர்க்காரர்; நாங்கள் அர்பாப் என்போம். அவரிடம் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு விமானம் இருந்தது. முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். ஓமன் எல்லைப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த தன் பேரீச்சந்தோட்டத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் அதில் போவார். அங்கே சரளைக்கல் தரையைச் சமன்செய்து ஓடுபாதை போட்டிருந்தார். வழியில் மணல்வெளியிலும் இறங்க அவருக்கு ஆசை. விமானத்தோடு வந்த சின்ன டயர்கள் மணலில் புதைந்தன. வேறு டயர் பார்க்கச் சொன்னார்.

நான் அங்கே உரிமம் பெற்ற எஞ்சினியர். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு மட்டும்தான். உதவிக்கு ஒரே ஒரு மெக்கானிக் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். அதற்கு முன் ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கராஜில் பத்து வருடம் ஜீப்புகளுக்கும் லாரிகளுக்கும் டயர் மாட்டியிருந்தார்.

விலைப்பட்டியலில் இரண்டு வகை பொருந்தின. ஒன்று முழங்கால் உயரம், நடுத்தர அகலம். மற்றொன்று தொடை உயரம், பலூன் போல உப்பியது; பெருவிரலால் அழுத்தினால் குழியும் அளவுக்குக் குறைந்த காற்றில் ஓடுவது. பனி நாடுகளில் ஆற்றுப் படுகைகளில் இறங்கும் விமானிகள் அதைத்தான் பூட்டுவார்கள் என்று படித்திருந்தேன். பெரியதில் டிக் போட்டேன். மெக்கானிக் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“சார், இந்த யானக்கால் வேண்டாம் சார். நடுவுல இருக்கே, அது போதும். காத்தும் கொஞ்சம் கூட்டி வைப்போம்.”

“மணல்ல புதைஞ்சா?”

“மணலுக்குப் போவயில ஜீப்புல காத்த எறக்குவோம். ரோட்டுக்கு வந்ததும் பெட்ரோல் பங்க்ல நிறுத்தி ஏத்துவோம். பிளேனுக்கு நடுவானத்துல யாரு சார் காத்தடிப்பா? மணல்ல எறங்குத அதே காத்தோடதான தார்லயும் எறங்கணும்?”

நான் சிரித்தேன். “இது ஏரோபிளேன்பா. உன் கராஜ் ஜீப் இல்ல.”

“காத்து காத்துதான சார்.”

“படிச்சிட்டு வந்து பேசு.”

பெரிய டயர்கள் வந்தன. அவரே மாட்டினார். மாட்டியதும் டயரிலிருந்து சக்கர வளையம் வரை சிவப்புப் பெயின்டில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டார். டயர் வளையத்தின் மேல் வழுக்கி நகர்ந்தால் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். நகர்வது அதிகமானால் உள்ளே டியூபும் சேர்ந்து திரும்பி, வால்வு பிய்ந்துவிடும்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே போனது. அர்பாப் மணல்மேட்டின் நிழலில் விமானத்தை நிறுத்தி எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். “எனக்கு நீ ஒட்டகம் வாங்கிக் கொடுத்துவிட்டாய்” என்று முதுகில் தட்டினார். மெக்கானிக்கைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

நான்காம் வாரம் வியாழக்கிழமை காலையில் மெக்கானிக் கூப்பிட்டார். “சார், கோடு ஒரு வெரக்கடை நவுந்திருக்கு. பிரேக் போடுதப்ப வழுக்குது. காத்து பத்தல.”

குனிந்து பார்த்தேன். நகர்ந்திருந்தது. காற்றைக் கூட்டினால் அந்தப் பெரிய டயர் வாங்கியதற்கே பொருள் இல்லை. அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “புது டயர், கொஞ்சம் உட்காரும். அழிச்சிட்டு வேற கோடு போடு” என்றேன். அவர் அழித்தார், வேறு போட்டார்.

மறுநாள் மதியம் அர்பாப் தோட்டத்திலிருந்து திரும்பி எங்கள் தார் ஓடுபாதையில் இறங்கினார். பிரேக்கை அழுத்தியதும் இடது சக்கரம் சட்டென்று தட்டையானது. விமானம் அந்தப் பக்கமாகச் சுழன்று, வால் எழும்பி, மூக்கைத் தரையில் குத்தி நின்றது. காற்றாடி வளைந்துபோனது. அர்பாப் உதடு கிழிந்து, ரத்தத்தோடு இறங்கி நடந்து போய்த் தண்ணீர் கேட்டார்.

முதலில் சக்கரத்தை நோக்கி ஓடியவன் நான். டயரில் இருந்த சிவப்புக் கோடும் வளையத்தில் இருந்த சிவப்புக் கோடும் ஒரு சாண் விலகியிருந்தன. வால்வு வேரோடு பிய்ந்திருந்தது. காற்று குறைவு என்று அதைவிடத் தெளிவாக எழுதிக் காட்ட முடியாது. அந்தக் காற்றின் அளவைச் சொன்னவன் நான். என் பையில் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணி இருந்தது. மெக்கானிக் கம்ப்ரஸர் அறையிலிருந்து ஓடி வருவதற்குள் இரண்டு கோடுகளையும் துடைத்துவிட்டேன். பத்து விநாடி ஆகியிருக்காது. தவறிச் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தேன்.

“யார் மாட்டியது?” என்று அர்பாப் இந்தியில் கேட்டார். நான் கையைக் காட்டினேன். டியூப் மடிந்து மாட்டப்பட்டிருக்கிறது என்றேன். கோடு போடவும் மறந்திருக்கிறார் என்றேன்.

“கோடு போட்டேன் அர்பாப். நேத்து சார்ட்ட காமிச்சேன்” என்றார் அவர், தமிழும் இந்தியுமாக. பிறகு சக்கரத்தைப் பார்த்தார். அங்கே கோடு இல்லை. என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைத் திறந்து, டியூப் தவறாகப் பொருத்தப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரத்தில் அவருடைய விசாவை ரத்து செய்தார்கள். போகிற அன்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அந்த நடு டயரையே வாங்குங்க சார். இல்லன்னா அந்த மனுசன் செத்துருவாரு.”

வாங்கினேன். அவர் சொன்ன அகலம், அவர் சொன்னதுபோலக் கூட்டி வைத்த காற்று. தாரிலும் சரளையிலும் மணலிலும் அது சரியாக ஓடியது. “இந்த முறை நன்றாக யோசித்திருக்கிறாய்” என்றார் அர்பாப். நன்றி சொன்னேன்.

அந்த டயர்கள் தேய்ந்து, அதே அளவில் அடுத்த ஜோடிக்கு எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. துபாய் கராமாவில் என் அறைக்குச் சற்றுத் தள்ளி மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அந்த இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஊரில் இருந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

“ஏ, சாரா! சொகமா இருக்கியளா? டயர மாத்தினியளா?”

“மாத்திட்டேன். நீங்க சொன்னதுதான்.” அவரை முதல் தடவையாக நீங்கள் என்றேன்.

“கோடு நவுருதா?”

“இல்ல.”

“நவுராது. நான் சொன்ன டயருன்னு அர்பாப்ட்ட சொன்னியளா?”

“இல்ல. அன்னைக்கு அந்தக் கோட்ட அழிச்சதும் நான்தான்.”

பின்னால் படகு எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. “இங்க எனக்கு என்ன பேரு தெரியுமா சார்? பிளேனக் கவுத்தவன். எம் மவ கல்யாணத்துல மொய் வாசிக்கவன் மைக்குலயே சொல்லிட்டான், பிளேனக் கவுத்தவரு வீட்டுக் கல்யாணம்னு. பந்தலே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், என்ன செய்ய?”

“நான் என்ன செய்யணும்?”

“மொதல்ல அர்பாப்ட்ட சொல்லுங்க. பெறவு என்ட்ட பேசுங்க.” போனை வைத்துவிட்டார்.

விமானப் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவறாக எழுதியதன் மேல் ஒற்றைக் கோடு இழுக்க வேண்டும். அடியில் இருப்பது வாசிக்கத் தெரிய வேண்டும். மறுநாள் காலை என் பழைய வரியின் மேல் அப்படிக் கோடு இழுத்தேன். காற்றின் அளவு என் உத்தரவு, எச்சரித்தவர் மெக்கானிக், அடையாளத்தை அழித்தவன் நான் என்று எழுதி, அர்பாப் முன்னால் வைத்தேன். இரண்டு முறை வாசித்தார். “இத்தனை வருடம் உன் கையெழுத்தை நம்பித்தானே பறந்தேன்” என்றார். கையை நீட்டினார். விமானக் கொட்டகைச் சாவியைக் கொடுத்தேன். “கலாஸ்” என்றார். முடிந்தது என்று பொருள்; வேலை போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மெக்கானிக்கைத் திரும்ப அழைக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனார்.

அழைத்தேன். “இனி அங்க வேண்டாம் சார். படகுல பங்கு போட்டுட்டேன். அந்தப் பக்கத்த மட்டும் அனுப்புங்க. இல்ல, இங்கிலீச இங்க யாரு வாசிப்பா? தமிழ்ல எழுதுங்க. பேரு வேண்டாம், படகுத்துறையில எல்லாருக்கும் தெரியும்.”

இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். “என்ன சார் எழுதியிருக்கிய? டயரப் பத்தி நாலு பாரா. ஒங்க தப்பு ஒரே வரி. அதுவும் பாதி வரி.”

அவர் சொன்னது சரி. அவர் சொன்னது எப்போதும் சரியாகத்தான் இருந்தது. மறுபடி எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. டயரின் அளவையும் அவர் எச்சரித்த நாளையும் தின்னர் நனைத்த துணியையும் இந்த முறை விடாமல் எழுதிவிட்டேன். அந்த விமானத்தைக் கவிழ்த்தவன் நான். துறையில் இதை மைக்கில் வாசிக்கலாம்.