பிளாஸ்டிக்கில் ஒட்டிய பாதி முத்திரை

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், சில விஷயம் மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தையல் டப்பாவில் ஊசிகளுக்கு அடியில், விரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறது. அதில் ஊதா நிறத்தில் பாதி முத்திரை ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மிஸ்ஸின் முகம் நினைவுக்கு வரும்.

என் தங்கை இறந்துபோனபின் அவள் மகளை நான்தான் வளர்த்தேன். மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு காயலை ஒட்டி இருக்கிறது. கடல் பொங்கும் வேலியேற்ற நாட்களில் உப்புத் தண்ணீர் அடுக்களைவரை ஏறிவிடும். ஒருமுறை ரேஷன் கார்டு ஊறிக் கூழாகிவிட்டது. அந்தப் பயத்தில், அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் லாமினேட் செய்து வாங்கினேன். "விட்டா என்னையும் பிளாஸ்டிக்ல போட்டு அலமாரில வச்சிருவீங்க, பெரியம்மா" என்று அவள் சிரித்தாள்.

பிளஸ் டூ முடித்ததும் எறணாகுளத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் அவளுக்கு அப்ரண்டிஸ் இடம் கிடைத்தது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள் வேலை. ஒரு வருடம் கற்றுக்கொண்டே கம்பெனியில் வேலையும் பார்க்கலாம், கையில் கொஞ்சம் காசும் வரும். சேருவதற்கு முந்தின சாயங்காலம் அவள் போனில் செய்தி வந்தது: அசல் சான்றிதழ் வேண்டும், லாமினேட் செய்தது செல்லாது. "நாளைக்கு நேரில கேட்டுக்கலாம். நீங்க அதைத் தொடண்டா" என்றாள், தொட வேண்டாம் என்று. ஆனால் காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் என் கை சும்மா இருக்கவில்லை. பிளேடால் ஓரத்தைக் கீறி இழுத்தேன். முத்திரையில் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. தலையில் சோப்போடு வந்து பார்த்தவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எறணாகுளம் போகும் படகில் மட்டும், "அங்க நீங்க வாயே திறக்கண்டா, நான் பறஞ்சுக்கறேன்" என்றாள்.

பயிற்சி நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த சார் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "சீல் பாதி இல்லையே. திருத்தியதாணோ?" என்று கேட்டார்.

"கிழிஞ்சு போச்சு, சார்."

"தானேயா கிழியும்?"

அவள் என் பக்கம் திரும்பாமல் சான்றிதழையே பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கள்ளச் சான்றிதழ் என்று எழுதிவிட்டால் அவளுக்கு இந்த இடம் மட்டுமல்ல, இனி எந்த இடமும் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. ரேஷன் கடையில்கூட அவளைப் பேசவிட்டுப் பின்னால் நிற்பவள் நான். எப்படியோ, "நானாக்கும் செஞ்சது" என்றேன். அது என் குரல்போலவே இல்லை.

உள்ளிருந்து மிஸ் வந்தார். பயிற்சி முழுக்க அவர் பொறுப்பில்தான். தோளில் நீலக் கேபிள் சுருள் ஒன்று தொங்கியது. "அம்மே, உரிச்ச பிளாஸ்டிக் கையில உண்டோ?" என்று கேட்டார். எறியப் பயந்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். முடிச்சு இறுகி அவிழவில்லை, அவரே அவிழ்த்தார். துண்டைச் சான்றிதழின் மூலையில் வைத்து மெல்ல நகர்த்தினார். பாதியும் பாதியும் சேர்ந்து முழு வட்டமானது. "பேடிக்கண்டா அம்மே" என்றார், பயப்பட வேண்டாம் என்று. பிறகு அவள் ஃபைலில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஒரு மாசத்துல புதுச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கணும். அதுவரை என்டெ பொறுப்பு."

"மிஸ்ஸே, பின்ன பிரச்சினையாகும்" என்றார் அந்தச் சார். மிஸ் துண்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

புதியது ஒரு மாதத்தில் வரவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே வாசலுக்கு ஓடுவேன். கெடு தாண்டிய நாட்களில் சோறு இறங்கவில்லை. ஒருவழியாக அது வந்து, கொண்டுபோய்க் கொடுத்தபோது மிஸ்ஸின் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். ஒரு திங்கட்கிழமையிலிருந்து அவர் வரவில்லையாம். கேட்டால் "போயி", போய்விட்டார், என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. "வேற நல்ல வேலை கிடைச்சிருக்கும், பெரியம்மா. எல்லாத்துக்கும் நீங்களா காரணம்?" என்கிறாள் தங்கை மகள். அவள் பயிற்சி முடித்து இன்று வல்லார்பாடம் பக்கம் வேலைக்குப் போகிறாள். புதுச் சான்றிதழைப் பிளாஸ்டிக்கில் போடவில்லை. தண்ணீர் ஏறும் நாட்களில் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன்.

பழைய சான்றிதழைப் புதியதற்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இந்தத் துண்டு மட்டும் சேர மூலையில்லாமல் டப்பாவில் கிடக்கிறது. கேபிளின் நிறம், கிழமை எல்லாம் நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம், தெரிந்தவர்கள் திருத்துங்கள். அந்த மிஸ் எங்கே போனார், அந்தக் கையெழுத்தினால்தான் போனாரா என்பதையும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். ஆமாம் என்றாலும் சொல்லுங்கள்.