கண் மூடிய படை

வியாழக்கிழமை காலை, செங்கல்பட்டு நிலையத்தில் தாம்பரம் ரயிலுக்காக நின்றிருந்தபோது ரஃபீக் அழைத்தார். "மேடம், நம்ம ஏழுமலை அண்ணாத்த போய்ட்டாரு. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள..." ரயில் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்து போயிற்று.

ஏழுமலையை மாமல்லபுரத்துச் சிற்பியாக மட்டுமே அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிறு காலைகளில் அவர் கூடுவாஞ்சேரியில், ரஃபீக்கின் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில், எங்களோடு உட்கார்ந்து பொம்மைக்கு வண்ணம் பூசினார். கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்கள், அரக்கர்கள், சிறகு வைத்த குதிரைகள். பூசி முடித்தவற்றை இரண்டு படைகளாக மேசையில் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை விடுவோம். முழங்கால் அறுவைக்குப் பிறகு வீட்டில் முடங்கிய மாதங்களில் எனக்கு வந்த பழக்கம் இது. புள்ளியியல் கற்பிப்பவளுக்கு இது எதற்கு என்று என் கணவர் கேட்டார். பதில் இன்றும் என்னிடம் இல்லை.

ஏழுமலையிடம் பதில் இருந்தது. அவருடைய பட்டறையில் சிலைகளை யார் செதுக்கினாலும், கண் திறப்பது அவர்தான். ஆனால் இருபத்தைந்து வருடம் கல் அறுக்கும் இயந்திரத்தைப் பிடித்ததில் விரல்கள் மரத்து, நடுங்கத் தொடங்கியிருந்தன. "மிஷினு நின்னாலும் கை நிக்க மாட்டேங்குது மேடம்" என்றார். மிகச் சிறிய ஒன்றில் பழகினால் கை திரும்பி வரும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதல் மாதமே ஏழு பொம்மைகளைக் கெடுத்தார். கவசம், தோல், துணி மடிப்பு எல்லாம் எங்களில் எவருக்கும் வராத அழகு. கடைசியில் கண்ணுக்கு வரும்போது கை சறுக்கி, முகம் முழுவதும் பாழாகும். எங்கள் வேலையில் கண்ணை முதலிலேயே வரைந்துவிடுவோம். பிசகினால் சுற்றிலும் தோல் நிறம் பூசி மறைத்துக்கொள்ளலாம். இதை ரஃபீக் பத்து முறையாவது சொல்லியிருப்பார். ஏழுமலை கேட்கவில்லை.

"கண்ண தொறந்துட்டா அது நம்மள பாக்கும் பாய். அது பாக்கச்சொல்ல எப்டி துணி உடுத்துறது?"

"இது வெறும் பிளாஸ்டிக்" என்றேன் நான்.

"கல்லு மட்டும் இன்னாவாம்?" என்றார்.

ஒரு மாலை அவருடைய பட்டறைக்குப் போயிருந்தேன். கடல் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் கல்தூசி மிதந்துகொண்டிருந்தது. யானைகள், நந்திகள், ஓட்டல் வாசலுக்கான பெண்கள் எல்லாம் வெண்மை படிந்து, பார்வையில்லாமல் நின்றன. எங்கே அலை முடிகிறது, எங்கே இயந்திரச் சத்தம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊருக்கான அம்மன் சிலை ஒன்று நடுவில் நின்றது. கண் மட்டும் பாக்கி. ஏழுமலை அதன் முகத்தைத் தொடாமல், கன்னத்துக்கு ஒரு விரலளவு தள்ளியே கையை வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெயம அந்தக் குதிரக்காரி பொம்மைக்குக் கண்ணு வெக்கிறேன். அது சரியா வந்தா இதுக்கு நானே உளி எடுப்பேன்" என்றார். "அங்க தப்பு பண்ணா பெயிண்டு. இங்க தப்பு பண்ணா அம்மன்."

அந்த ஞாயிறு எல்லோரும் அவரைச் சுற்றி வந்து நின்றோம். மருந்து பாட்டில் மூடியில் ஒட்டிய குதிரைக்காரியை இடக்கையில் பிடித்து, இரண்டு சுண்டுவிரல்களையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து, மூச்சை முழுக்க விட்டுவிட்டுத் தூரிகையை வைத்தார். வலக்கண் அருமையாக வந்தது. இடக்கண் கன்னம்வரை வழிந்தது.

தூரிகையைக் கழுவி வைத்தார். "செரி. அம்மனுக்கு என் தம்பியே தொறக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அவருடைய வாழ்நாளின் வேலை ஒன்று அந்த அறையில் முடிந்துபோனது; கீழே கடையில் யாரோ ஃபிரேமுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இனி வரமாட்டார் என்று நினைத்தோம். அடுத்த வாரமும் வந்தார். குதிரைக்காரியின் முகத்தில் மறுபடி தோல் நிறம் பூசினார். காய்ந்ததும், கண்கள் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் இமைபோல் இரண்டு வளைகோடுகள் இழுத்தார். கை நடுங்கியது, கோடும் லேசாக நடுங்கியது. மூடிய இமைக்கு அது பொருந்தியது.

"தூங்கட்டும்" என்றார்.

அதன்பின் ஒரு படையே செய்தார். வாள் ஓங்கியவன், வில் வளைத்தவள், பாய்கிற ஓநாய், எல்லாம் கண் மூடி.

"அண்ணாத்த, உன் ஆளுங்க தூங்கிகினே தோக்கப் போறானுங்க" என்று ரஃபீக் சீண்டினார்.

"தூங்கறவன எவன் பாய் வெட்டுவான்?"

சிரித்தோம். ஆனால் என் முறை வந்தபோது பகடையைக் கையில் வைத்துக்கொண்டே நெடுநேரம் இருந்தேன். அன்று அவர் ஜெயித்தார்.

இரங்கல் தட்டியில் 'மீளாத் துயில் கொண்டார்' என்று போடலாமா என ரஃபீக் என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏழுமலை தூங்கவில்லை, இறந்துவிட்டார். அந்தச் சொல்லை அவர் உரியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவருடைய மனைவி அந்தப் படையை எங்கள் மாடி அறைக்கே அனுப்பிவிட்டார். அலமாரியில் வரிசையாக நிற்கிறது. எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது ஒரு பழக்கம்தான். அது பிளாஸ்டிக் என்று நன்றாகத் தெரிந்தும், அந்த அறைக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.