ஐந்தாம் மாடிப் பொருளாதாரம்

என் மனைவி பொருளாதார நிபுணர். ஆய்வு நிறுவனத்தில் வேலை, பத்திரிகையில் மாதம் ஒரு கட்டுரை, தொலைக்காட்சி விவாதங்களில் ஓரத்து நாற்காலி. நாட்டில் விதிகள் குறைய வேண்டும் என்பது அவள் கட்சி. வீட்டில் கட்சி மாறிவிடுவாள். என் தேநீரில் எத்தனை சர்க்கரை, ஈரத்துண்டை எங்கே காயப்போடுவது, எல்லாவற்றுக்கும் விதி உண்டு. மேல்முறையீடு கிடையாது.

போன வருடம் லிஃப்டுகளைப் பற்றி எழுதினாள். அரசு ஆய்வாளர் ஆண்டுதோறும் வந்து சோதித்துச் சான்று தர வேண்டும் என்பது அப்போதைய விதி. வருகிறவரோ வாசலிலேயே காபி குடித்து, உறையை வாங்கிக்கொண்டு, லிஃப்டில் கால் வைக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இதற்கு ஓர் ஆள் எதற்கு, குடியிருப்பவர்களே சோதித்துச் சான்று தரட்டும், விபத்து நடந்தால் கையெழுத்துப் போட்டவர் கம்பி எண்ணட்டும் என்றாள்.

"தன் தலைக்கு வருதுன்னா எவனும் கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்து போட மாட்டான்" என்று என்னிடமும் பலமுறை சொன்னாள். அரசு அதை அப்படியே சட்டமாக்கியது. எங்கள் இருவருக்குமே சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இந்த வருடம் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். எங்கள் வீடு ஐந்தாவது மாடி. எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து தையல்கூடப் பிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து சங்கத் தலைவர் சான்றுத் தாளோடு வந்தார். துணிக்கடைக்காரர், தரைத்தளத்தில் குடியிருப்பவர்.

"ஒரு கையெழுத்து போடுங்க மேடம். நீங்க கொண்டுவந்த சட்டம்தானே."

அவள் பேனாவைத் தொடாமல் லிஃப்டில் ஏறி மேலும் கீழும் போய்வந்தாள். மூன்றாவது மாடியில் அது தரைக்கு ஒரு சாண் கீழே போய், ஓர் உதறு உதறி நின்றது. மெக்கானிக்கை வரவழைத்தாள். கம்பி வடம் தேய்ந்துவிட்டது, மாற்றும்வரை ஓட்டாதீர்கள் என்றார் அவர். புது வடம் வர இரண்டு மாதம் ஆகுமாம்.

"ரெண்டு மாசம் மூடினா ஜனங்க என்னைக் கிழிச்சிடுவாங்க. இத்தனை வருஷம் ஓடலையா?" என்றார் தலைவர்.

"நான் போட மாட்டேன் சார்."

"அப்ப நானே போடுறேன். தலைவரும் போடலாமே."

"ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் உள்ள போகணும், தெரியுமில்ல?"

"ஒண்ணும் ஆகாது மேடம்." எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே, தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனார்.

அவள் வீடு வீடாகப் போய் லிஃப்டில் ஏறாதீர்கள் என்று சொன்னாள். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு லிஃப்டிலேயே போனார்கள். அவள் பேச்சு எடுபட்டது என்னிடம் மட்டும்தான். தையல் பிரிக்கும் நாளில் ஐந்து மாடியையும் கைப்பிடியைப் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். வலியில் உயிர் போனது.

"உன் கட்டுரைக்கு என் முட்டிதான் கிடைச்சுதா?" என்று வழியெல்லாம் திட்டினேன். அவள் என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

அந்த வாரமே, புதுச் சட்டம் வெற்றியா என்று தொலைக்காட்சியில் விவாதம். காலை நீட்டிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெற்றி என்று சொல்லத்தான் அவளை அழைத்திருந்தார்கள்.

"முன்னாடி, பார்க்காதவர் கையெழுத்து போட்டார். என் யோசனைப்படி இப்ப, ஏறாதவர் கையெழுத்து போடுறார்," என்றாள்.

"அப்ப ஆய்வாளரைத் திரும்பக் கொண்டுவரலாமா?" என்று நெறியாளர் பாய்ந்தார்.

"அவர் வந்தா மறுபடியும் வாசல்லயே காபி குடிப்பார். இதுக்கு என்ன வழின்னு எனக்குத் தெரியலைங்க. ஆனா நான் எழுதினது தப்பு."

எதிரில் உட்கார்ந்திருந்தவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அவரை ஓர் அறை விடலாம் போலிருந்தது. என் மனைவியை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். பாவமாக இருந்தது.

"இந்த ஒரு நாள் லிஃப்ட்லயே வந்திருக்கலாம்ல? ஒரு தடவைல என்ன ஆயிடப்போகுது?"

ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"தலைவரும் இதையேதான் சொன்னார். அந்தக் கட்டுரையை எழுதுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணுங்க."