குட்டை வாள் சுருளிவேல்

தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் மரம் அறுக்கிற சுருளிவேலுக்கு உலகத்தில் இரண்டு வகை ஆட்கள்தான்: வாளின் பல்லுக்கு அரம் போடத் தெரிந்தவன், தெரியாமலே அதிகாரம் செய்கிறவன். இரண்டாவது வகைக்கு ஃபீல்டு சூப்பர்வைசர் குருசாமியே போதும். பெட்ரோலில் ஓடுகிற மெஷின் வாள் இரண்டைக் கோயம்புத்தூரில் வேட்டி வாங்குகிற மாதிரி முழம் போட்டு வாங்கி வந்தவர் அவர். என்ஜின் சின்னது. சங்கிலி ஓடும் தகடு மட்டும் ஆள் இடுப்பு உயரம். கோழிக்குஞ்சின் கழுத்தில் உலக்கையைக் கட்டியது போல இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அவன் அம்மா ராமுத்தாய்க்குக் கொழுந்துக் கூடையை ஒப்படைத்து ஓய்வு பெறும் வயது வந்தது. வீட்டில் ஒருவருக்காவது நிரந்தர வேலை இல்லையென்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சுருளிவேல் தினக்கூலி. ஃபாக்டரி அடுப்புக்கு யூக்காலி மரம் அறுக்க ஒரே ஒரு நிரந்தர ஆளை எடுப்பதாகவும், அவனும் இன்னொரு தினக்கூலியான பாஸ்கலும் போட்டியாக அறுத்துக் காட்ட வேண்டும் என்றும் மேனேஜர் சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு மெஷின் வாள், அதைத் தயார் செய்ய ஒரு வாரம் தவணை.

பாஸ்கல் செய்ததெல்லாம் சைலன்சரைக் குத்தித் திறந்ததுதான். சத்தம் மூன்று மலை தாண்டிக் கேட்டது. சத்தம் வந்தால் பலம் வந்துவிட்டது என்று நம்பும் கூட்டம் கைதட்டியது.

சுருளிவேலும் சைலன்சரைத் திறந்தான். ஆனால் புகை தாராளமாகப் போனால் பெட்ரோலும் தாராளமாக வரவேண்டும் என்று கார்புரேட்டர் திருகையும் தளர்த்தினான். ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்த பழைய வாளின் குட்டைத் தகட்டைக் கழற்றி மாட்டி, சங்கிலியில் கண்ணிகளைக் குறைத்து, தீக்குச்சியை அளவாக வைத்து ஒவ்வொரு பல்லையும் ஒரே சீராக அராவினான்.

குருசாமி வந்து பார்த்தார். "என்னப்பா இது, மிச்சத்த எலி தின்னுருச்சா?"

"மரமே ஒண்ணரைச் சாண்தானய்யா கனம்."

'மிச்ச நீளம் உங்க முதுகு சொறியவா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவை நினைத்து விழுங்கிக்கொண்டான்.

போட்டியன்று ஆளுக்குப் பத்துத் துண்டு. பாஸ்கலின் வாள் ஐந்தாவது துண்டில் கீச்சுக்குரலுக்கு மாறியது. சுருளிவேலுக்குக் காதே சொல்லிவிட்டது.

"ஏலே, நிப்பாட்டு. பெட்ரோல் பத்தல. பிஸ்டன் சூடாகிப் பிடிச்சுரும்."

"தோக்கப்போறவனுக்கு வாய் நீளம்தான்," என்றான் பாஸ்கல்.

ஏழாவது துண்டில் அவன் வாள் செத்தது. அதற்குள் சுருளிவேல் பத்தையும் முடித்துவிட்டு மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தான். மேனேஜர் அங்கேயே கையெழுத்துப் போட்டு நிரந்தர வேலைக் காகிதத்தைச் சுருளிவேலிடம் நீட்டினார்.

குருசாமிக்கு மனசு ஆறவில்லை. "பாஸ்கல் வாளுக்குக் கண்ணு பட்டுருச்சு. போகட்டும். நாளையிலேர்ந்து நீ பெரிய தகட்ட மாட்டித்தான் அறுக்கணும். கம்பெனி டைரக்டர் வர்றாரு. பாக்கக் கம்பீரமா இருக்க வேண்டாமா?"

சுருளிவேல் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பித்தானைப் போட்டான். பிறகு தான் கழற்றி வைத்திருந்த நீளத் தகட்டை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாகக் குருசாமியிடம் நீட்டினான்.

"முதுகு சொறிய வச்சுக்கங்கய்யா."